வாடகை மைதானம்

1988 ஜனவரி 25 அன்று திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் தொடக்க ஆட்டக்காரர் பில் சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 104 ரன் எடுத்தார். இந்தியா அடித்திருந்த 239 ரன்னை அவர்கள் ஒரே விக்கெட்டை இழந்து தாண்டினார்கள். 2019 டிசம்பர் 8 அன்று அதே நகரத்தின் வடகோடியில், காரியவட்டம் கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியத்தில், இந்தியாவின் 170 ரன்னை விரட்டி மேற்கிந்தியத் தீவுகள் மறுபடியும் வென்றது. இந்த முறை ஆட்டமிழக்காமல் 67 எடுத்தவர் லெண்டல் சிம்மன்ஸ், பில் சிம்மன்ஸின் சகோதரர் மகன் முறை. அணியின் தலைமைப் பயிற்சியாளராக ஓய்வறையில் உட்கார்ந்திருந்தவர் பில் சிம்மன்ஸேதான். ஒரு குடும்பத்தில் ஒரு தலைமுறை மாறியிருந்தது. நகரத்தில் ஸ்டேடியமே மாறியிருந்தது. பழையது எங்கே போனது என்று கேட்டால், எங்கும் போகவில்லை, பாளையத்தில் அதே இடத்தில்தான் இருக்கிறது. சர்வதேச கிரிக்கெட்தான் 1988க்குப் பிறகு அங்கே திரும்பி வரவில்லை.

நாஞ்சில் நாட்டுக்காரன் ஒருவன் திருவனந்தபுரத்து ஸ்டேடியத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்ற கேள்வி வரும். நாகர்கோவிலிலிருந்து சென்னை சேப்பாக்கம் 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேரும்வரை எங்களுக்குத் தலைநகரமே அதுதான். வழக்குக்கும் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் அங்கே போன தலைமுறைகள் உண்டு. 1979இல் நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் ஓட ஆரம்பித்ததும் தூரம் இன்னும் சுருங்கியது. தம்பானூரில் இறங்கி, ஸ்டாச்சு வழியாக நடந்தாலே பாளையம் வந்துவிடும். ஒரு சர்வதேச ஆட்டத்தைக் காலையில் புறப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பும் வசதி எங்கள் மாவட்டத்துக்கு இந்தியாவிலேயே அந்த ஒரு மைதானத்தில்தான் இருந்தது. ஆனால் 1956க்குப் பிறகு எங்கள் கிரிக்கெட் நிர்வாகம் சென்னைக்குப் போய்விட்டது. பார்ப்பதற்குத் திருவனந்தபுரம், ஆடுவதற்குச் சென்னை என்று ஒரு விசித்திரமான ஏற்பாடு.

திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1937இல் தொடங்கியது. அதுவே பின்னாளில் கேரளப் பல்கலைக்கழகம். அதன் ஸ்டேடியம் இருக்கும் பாளையம் நகரத்தின் நடுநெஞ்சு. ஜும்மா மசூதியும் செயின்ட் ஜோசப் தேவாலயமும் கணபதி கோவிலும் ஒன்றுக்கொன்று கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் இடம். கன்னிமாரா மார்க்கெட் பக்கத்தில். போலீஸ் துறையின் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியமும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். திருவிதாங்கூரில் விளையாட்டுக்கு ஒரு நிர்வாக அமைப்பை உண்டாக்கியவர் ஜி.வி. ராஜா என்று அழைக்கப்பட்ட கர்னல் கோதவர்ம ராஜா. அரச குடும்பத்து மருமகன். விளையாட்டுக் கவுன்சில், டென்னிஸ் கிளப், விமானப் பயிற்சிக் கிளப், கோவளம் சுற்றுலா என்று அவர் கை வைக்காத இடம் குறைவு. 1971இல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் இறந்தார். அவரைப் போல ஒரு ஆள் இருக்கும்போது மைதானம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுவதில்லை. அரண்மனை, அரசு, சங்கம், பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் அவருடைய பேச்சு செல்லும். அவருக்குப் பிறகுதான் அந்தக் கேள்வி ஒவ்வொரு ஆட்டத்திலும் முன்னால் வந்து நின்றது.

ஸ்டேடியத்துக்கு முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டம் 1984 அக்டோபர் 1இல் கிடைத்தது. ரஞ்சிக் கோப்பையின் பொன்விழாவை ஒட்டி கிம் ஹியூஸின் ஆஸ்திரேலியா வந்திருந்தது. கவாஸ்கரின் இந்தியா 175 ரன்னுக்குச் சுருண்டது. அதில் வெங்சர்க்கார் மட்டும் 77. ஆஸ்திரேலியா 1 விக்கெட்டுக்கு 29 என்று இருக்கும்போது மழை. முடிவில்லை. அடுத்த ஆட்டம் ஜாம்ஷெட்பூரில். அங்கே ஆட்டக்காரர்களின் மட்டையும் பேடும் ஏற்றிக்கொண்டு சாலை வழியாக வந்த வண்டி தாமதமானதால் ஆட்டம் தொடங்கவே நேரமாயிற்று, பிறகு அங்கேயும் மழை. இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அன்றைய இந்திய கிரிக்கெட் அப்படித்தான் இருந்தது. 1983 உலகக் கோப்பையை வென்ற கையோடு இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் ஆட்டங்களை ஸ்ரீநகர், ஜாம்ஷெட்பூர், ஜலந்தர், இந்தூர், திருவனந்தபுரம் என்று ஊர் ஊராகக் கொண்டுபோனது. அந்த ஊர்களில் எதிலும் கிரிக்கெட்டுக்கென்று கட்டிய பெரிய அரங்கம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மாநகராட்சியோ பல்கலைக்கழகமோ கம்பெனியோ வைத்திருக்கும் பொது மைதானம் போதும். கால்பந்துக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் குடியரசு தின அணிவகுப்புக்கும் பயன்பட்ட தரையில் நடுவே ஒரு பிட்ச் போட்டு, சுற்றிலும் தற்காலிகக் கேலரி கட்டி, இரண்டு நாள் திருவிழா நடத்திவிட்டுப் பிரித்துவிடலாம்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்துச் சிறு ஊர் ஆட்டங்களில் இருந்த உயிர் வேறு. எங்கள் மாவட்டத்தில் அப்போது டிவி வைத்திருந்தவர்கள் மொட்டைமாடியில் உயரமான ஆண்டெனா கட்டி, காற்று சரியாக இருந்தால் இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படம் தெளிவாகத் தெரிந்தால் அதுவே செய்தி. அந்த நிலையில் வெங்சர்க்காரையும் விவியன் ரிச்சர்ட்ஸையும் நேரில் பார்ப்பதற்கு ஒரு பாசஞ்சர் டிக்கெட்டும் ஒரு கேலரி டிக்கெட்டும் போதும் என்பது சாதாரண விஷயமில்லை.

1988 ஆட்டம் ‘சார்மினார் சவால் கோப்பை’ என்ற தொடரின் கடைசி ஆட்டம். சிகரெட் கம்பெனியின் பெயரில் தொடர் நடத்தலாம் என்ற காலம். அதற்குச் சில நாள் முன்புதான் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்திருந்தார். அந்தச் சூட்டோடு திருவனந்தபுரத்துக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது ஸ்ரீகாந்தின் 101. அதற்குப் பதிலாகச் சிம்மன்ஸும் கிரீனிட்ஜும் அடித்த அடி. தொடரை மேற்கிந்தியத் தீவுகள் 6–1 என்று முடித்தது. அதற்குப் பிறகு அந்த நகரத்தில் அடுத்த ஆண்கள் சர்வதேச ஆட்டம் நடந்தது 2017 நவம்பர் 7இல். இடையில் 29 வருடம்.

ஏன் நின்றது? தோற்றதாலோ, கூட்டம் வராததாலோ இல்லை. கூட்டத்துக்குக் குறைவில்லை. 1986 தொடக்கத்தில் நேரு கோப்பை கால்பந்து திருவனந்தபுரத்தில் நடந்து, சோவியத் யூனியன் சீனாவை 1–0 என்று வென்று கோப்பையைக் கொண்டுபோனது. 1987இல் கேரளம் தேசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது. விளையாட்டுக்கு ஆள் சேராத ஊரல்ல அது. காரணம் மைதானத்துக்கு வெளியே, பட்ஜெட்டில் இருந்தது. 1990களில் தொலைக்காட்சி உரிமை விற்பனையில் வாரியத்துக்குப் பணம் கொட்டத் தொடங்கியது. வாரியம் அதை மாநிலச் சங்கங்களுக்குப் பங்கிட்டது. கையில் காசு வந்ததும் சங்கங்கள் செய்த முதல் காரியம், பொது மைதானத்தை விட்டுவிட்டுச் சொந்த அரங்கம் கட்டியது. பூனாவில் நேரு ஸ்டேடியத்தை விட்டு நகரத்துக்கு வெளியே கஹுஞ்சேவுக்குப் போனார்கள். ராஜ்கோட்டில் மாநகராட்சி மைதானத்தை விட்டு கந்தேரிக்கு. நாக்பூரில் ஊருக்குள் இருந்த தங்கள் சொந்த மைதானத்தையே விட்டு 2008இல் ஜாம்தாவுக்கு. ஜார்க்கண்டில் டாடா கம்பெனியின் கீனன் ஸ்டேடியம் 2006இல் கடைசி ஒருநாள் ஆட்டத்தைப் பார்த்தது. 2013இல் சங்கத்தின் அரங்கம் ராஞ்சியில் திறந்தது. இந்தூரின் நேரு ஸ்டேடியத்தில் 1997 டிசம்பர் 25 அன்று இலங்கையுடனான ஆட்டம் பிட்ச் அபாயகரமாக இருக்கிறது என்று மூன்று ஓவரோடு கைவிடப்பட்டது. பொது மைதானத்தில் பிட்சைப் பொறுப்பெடுத்துப் பராமரிக்க ஆளில்லை என்பதற்கு அதைவிடப் பகிரங்கமான சாட்சி கிடையாது.

பிட்ச் என்றால் நடுவில் உள்ள 22 கஜம் மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குக் களிமண் தேர்ந்து, படுகை படுகையாகப் போட்டு, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, புல் வேர் பிடிக்கவிட்டு, மறுபடி உருட்டி ஒரு பிட்சைத் தயார்செய்யப் பல மாதம் ஆகும். சுற்றியுள்ள புல்வெளி அதைவிடப் பிடிவாதக்காரன். திருவனந்தபுரம் மழையில் ஒரு மாதம் வெட்டாமல் விட்டால் முழங்கால் உயரம் வரும். இந்த வேலைக்கு வருடம் முழுக்கச் சம்பளம் தர வேண்டும். வருடத்தில் ஒரு நாள் ஆடும் சங்கம், தனக்குச் சொந்தமில்லாத மண்ணுக்கு அந்தச் சம்பளத்தைக் கொடுக்காது. பல்கலைக்கழகத்துக்கோ மாணவர்களின் தடகளப் போட்டிக்கு ஓடுபாதை வேண்டும், கால்பந்துக்குக் கோல் கம்பம் வேண்டும். நடுவில் கிரிக்கெட் பிட்சைக் காப்பாற்றுவது அதன் வேலையே இல்லை. இரண்டு தரப்பும் நியாயம். இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில்தான் பாளையத்து ஆடுகளம் காணாமல் போனது.

இது கேரளத்துக்கே உரிய கதை என்று தமிழ்நாட்டு வாசகர் நினைக்க வேண்டாம். இதே நாடகம் சென்னையில் அதற்கு முப்பது வருடம் முன்பே அரங்கேறிவிட்டது. இன்னும் பெரிய மேடையில்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால், மூர் மார்க்கெட்டை அடுத்து, பழைய பீப்பிள்ஸ் பார்க் இருந்த பகுதியில் மாநகராட்சி ஒரு ஸ்டேடியம் வைத்திருந்தது. கார்ப்பரேஷன் ஸ்டேடியம். சேப்பாக்கத்தில் 1934இலேயே டெஸ்ட் நடந்திருக்கிறது. 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். ஆனால் அது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் பிடியில் இருந்த மைதானம். 1956 ஜனவரியில் நியூசிலாந்து வந்தபோது டெஸ்ட் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்கு மாறியது. வந்ததும் வராததுமாக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். மன்கட் 231, ராய் 173. அந்தத் தொடக்கக் கூட்டணியை உலகத்தில் எவரும் 52 வருடம் தாண்டவில்லை. 2008இல் சிட்டகாங்கில் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்ஸியும் 415 எடுத்துத் தாண்டினார்கள். அதே 1956 அக்டோபரில் ரிச்சி பெனோ 72 ரன்னுக்கு 7 விக்கெட். 1962 ஜனவரியில் சலீம் துரானி ஆட்டத்தில் 10 விக்கெட் எடுக்க, இங்கிலாந்துக்கு எதிராக முதன்முதலாகத் தொடரை வென்றோம். 1964 ஜனவரியில் பாபு நட்கர்னி தொடர்ந்து 21 ஓவர் ரன் தராமல் வீசினார். இன்னிங்ஸ் முடிவில் அவருடைய கணக்கு 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பொறுமைக்கும் ஒரு சாதனைப் பட்டியல் இருந்திருக்க வேண்டும். அதே டெஸ்டில் புதி குந்தரன் 192.

பத்து வருடத்துக்குள் ஒன்பது டெஸ்ட். கடைசி 1965இல், மறுபடியும் நியூசிலாந்துடன். 1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் வந்தபோது ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பிவிட்டது. இடையில் நடந்தது, சேப்பாக்கம் குத்தகை மெட்ராஸ் கிரிக்கெட் சங்கத்தின் கைக்கு வந்தது. நிலம் அரசுடையதுதான், ஆனால் குத்தகை நீண்டது. நீண்ட குத்தகை கையில் இருந்தால் கான்கிரீட் கேலரி கட்டலாம், பிட்சுக்கு ஆள் வைக்கலாம், கிளப் உறுப்பினர் சேர்க்கலாம். மன்கட்டின் 231ஐ இந்தியர் ஒருவர் தாண்டியது 1983 டிசம்பரில், கவாஸ்கரின் ஆட்டமிழக்காத 236. அதுவும் சென்னையில்தான் நடந்தது, ஆனால் சேப்பாக்கத்தில். சாதனை நடந்த மைதானத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் சாதனை உடைந்தது, அதற்குள் பழைய மைதானத்தை கிரிக்கெட் உலகம் மறந்தாயிற்று. பின்னால் நேரு பெயர் பெற்ற அந்தக் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தை 1993 நேரு கோப்பைக் கால்பந்துக்காக அரசு புதிதாகக் கட்டியது. வட கொரியா ருமேனியாவை 2–0 என்று வென்ற இறுதி ஆட்டம் அங்கேதான். இன்று சென்னையின் எஃப்சி ஆடும் அந்தத் தரையில், மன்கட் நின்ற இடம் இது என்று காட்ட ஒன்றும் மிச்சமில்லை.

நீண்ட குத்தகையும் முழுப் பாதுகாப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011 உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் கட்டிய ஐ, ஜே, கே என்ற மூன்று கேலரிகள் அனுமதிப் பிரச்சினையில் மாட்டிப் பல வருடம் பூட்டிக் கிடந்தன. சிஎஸ்கே ஆடும்போது டிவியில் காலியாகத் தெரிந்த அந்த மூன்று தொகுதிகளைப் பார்த்தவர்கள் டிக்கெட் விற்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பவும் கேரளத்துக்கு. திருவனந்தபுரத்தை விட்ட கிரிக்கெட், கொச்சி கலூரில் குடியேறியது. அங்கே ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் கொச்சி வளர்ச்சி ஆணையத்துக்குச் சொந்தம். 1998 ஏப்ரல் 1இல் முதல் ஒருநாள் ஆட்டம். அஜய் ஜடேஜா 105, சச்சின் பந்துவீசி 32 ரன்னுக்கு 5 விக்கெட். 2014 வரை ஆட்டங்கள் தொடர்ந்தன. அந்த வருடம் ஐஎஸ்எல் கால்பந்து தொடங்கி, கேரளா பிளாஸ்டர்ஸ் கலூரைத் தன் வீடாக்கிக்கொண்டது. 2017இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை கால்பந்துக்காக அங்கே தரையை உலகத் தரத்துக்கு மாற்றினார்கள். அதைத் தோண்டி கிரிக்கெட் பிட்ச் போடப்போகிறார்கள் என்ற பேச்சு 2018இல் வந்தபோது கால்பந்து ரசிகர்கள் கொதித்தார்கள். பிளாஸ்டர்ஸின் பங்குதாரராக இருந்த சச்சினே கால்பந்துத் தரையைக் கெடுக்க வேண்டாம் என்றார். கிரிக்கெட் கடவுளே கிரிக்கெட்டுக்கு எதிராக வாக்களித்த அபூர்வமான தருணம். ஆட்டம் காரியவட்டத்துக்குப் போனது. 2018 நவம்பர் 1, கேரளம் உருவான நாள்: மேற்கிந்தியத் தீவுகள் 104க்கு ஆல் அவுட், இந்தியா பதினைந்து ஓவருக்குள் முடித்துவிட்டது.

காரியவட்டம் நகரத்துக்கு வடக்கே, கழக்கூட்டத்துக்கும் டெக்னோபார்க்குக்கும் பக்கத்தில், கேரளப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. 36 ஏக்கர். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. தொடக்க விழாவில் நடிகர் மோகன்லால் நடத்திய ‘லாலிசம்’ இசைநிகழ்ச்சி கிளப்பிய சர்ச்சையில், வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாக அவரே சொல்லும் நிலை வந்தது. கேரளத்தில் அந்த ஸ்டேடியத்தைப் பற்றி முதலில் ஞாபகம் வருவது பலருக்கு இதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது ஒப்பந்தம். நிலம் பல்கலைக்கழகத்துக்கு. திட்டம் மாநில அரசுக்கு. வடிவமைத்துக் கட்டி, பதினைந்து வருடம் நடத்தி, பிறகு ஒப்படைப்பது உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐஎல்&எஃப்எஸ் குழுமத்தின் பொறுப்பு; அதற்காகவே காரியவட்டம் ஸ்போர்ட்ஸ் ஃபெசிலிட்டீஸ் என்று ஒரு கம்பெனி. அரசு தவணைமுறையில் ஆண்டுத் தொகை தரும். கம்பெனி கிளப், மாநாட்டு மண்டபம், கடைகள் மூலம் சம்பாதித்துக்கொள்ளும். கிரிக்கெட் சங்கம் இவற்றுக்கெல்லாம் வெளியே நின்று, ஆட்டத்துக்கு மைதானத்தை எடுக்கும் வாடிக்கையாளர். இந்தக் கணக்கில் மண்டபம் வரவு, புல் செலவு. கல்யாணத்துக்கு வாடகை தரும் மண்டபத்தைப் பளபளப்பாக வைத்திருக்க எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. புல்லுக்கு அப்படி யாரும் இல்லை.

ஆரம்பம் அருமை. 2016 ஜனவரியில் தெற்காசியக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் சுனில் சேத்ரியின் கூடுதல் நேரக் கோலில் ஆப்கானிஸ்தானை 2–1 என்று வென்றோம். 2017 நவம்பர் 7, நியூசிலாந்துடன் டி20. பகல் முழுக்க மழை. ஆளுக்கு 8 ஓவர் என்று சுருக்கி இரவில் ஆடினார்கள், இந்தியா 67, நியூசிலாந்து 61. அந்த மழைக்குப் பிறகு ஆட்டம் நடந்ததே வடிகால் அமைப்பின் வெற்றி. 29 வருடம் காத்திருந்த கூட்டம் நனைந்துகொண்டே கேலரியில் உட்கார்ந்திருந்தது. களியக்காவிளை தாண்டிப் போன எங்கள் ஊர்க்காரர்களும் அதில் உண்டு.

2018 செப்டம்பரில் ஐஎல்&எஃப்எஸ் குழுமம் கடனைத் திருப்பித் தர முடியாமல் சரிந்தது. மும்பைப் பங்குச்சந்தைச் செய்தியாகத் தொடங்கியது காரியவட்டத்துப் புல்வெளியில் வந்து முடிந்தது. அரசின் ஆண்டுத் தொகையும் நிலுவை. நடத்துபவரிடம் பணமில்லை. 2021 தொடக்கத்தில் மைதானம் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமுக்குக் கொடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அந்தப் புல்வெளியில் ஓடிக் குதித்தார்கள். வேலை தேடி வந்த அந்தப் பையன்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அதே சமயத்தில் வந்திருக்கக்கூடிய இந்திய–தென்னாப்பிரிக்கப் பெண்கள் தொடர் லக்னோவில் நடந்தது. சில மாதத்தில் காடுபோல வளர்ந்த புல்லும் பாசி பிடித்த படிகளுமாக மைதானத்தின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 2022 செப்டம்பரில், தென்னாப்பிரிக்காவுடன் டி20க்குச் சில வாரம் இருக்கும்போது, 2 கோடி ரூபாயைத் தாண்டிய பாக்கிக்காக மின்வாரியம் இணைப்பைத் துண்டித்தது. சங்கம் ஜெனரேட்டரை வைத்து வேலை பார்த்தது. அந்த ஆட்டத்தில் அர்ஷ்தீப்பும் தீபக் சாஹரும் தென்னாப்பிரிக்காவை 9 ரன்னுக்கு 5 விக்கெட் என்று ஆக்கியதை எல்லோரும் பார்த்தார்கள். விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நடந்த கணக்கு யாருக்கும் தெரியவில்லை.

2023 ஜனவரி 15. இலங்கையுடன் ஒருநாள் ஆட்டம். கோலி ஆட்டமிழக்காமல் 166, கில் 116, இந்தியா 390. இலங்கை 73. 317 ரன் வித்தியாசம், ஒருநாள் கிரிக்கெட்டில் ரன் கணக்கில் அதுவரை இல்லாத பெரிய வெற்றி. ஆனால் கேலரியில் பெரும்பகுதி காலி. டிக்கெட் விலையும் அதன் மேல் கேளிக்கை வரியும் கூடியிருந்தன. விலை பற்றிக் கேட்டபோது பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போக வேண்டியதில்லை என்ற பொருளில் மாநில விளையாட்டு அமைச்சர் சொன்னது பெரிய விவகாரமானது. தொடர் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது, பொங்கல் நாள், ஐம்பது ஓவர் ஆட்டத்துக்குப் பழைய மவுசு இல்லை என்று வேறு காரணங்களும் இருந்தன. அமைச்சரின் வாக்கியம் அவற்றையெல்லாம் மூடிவிட்டது. பல ஆண்டாக மைதானத்தைப் பற்றி நடந்திருக்க வேண்டிய விவாதம் ஒரு வாக்கியத்தைப் பற்றிய விவாதமாகச் சுருங்கியதுதான் நஷ்டம்.

மழையைப் பற்றி எங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கன்னியாகுமரிக்கும் தெற்குத் திருவனந்தபுரத்துக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. இடவப்பாதி போய், புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்தால் சாயங்காலம் தோறும் இடியோடு கொட்டும். மலையாளத்தில் துலாவர்ஷம் என்பார்கள். வாரியத்தின் உள்நாட்டுப் பருவம் தொடங்குவதும் அதே செப்டம்பர் கடைசி, அக்டோபர், நவம்பர். 1984 அக்டோபர் 1 மழையில் போனது. 2017 நவம்பர் எட்டு ஓவராகச் சுருங்கியது. 2023 உலகக் கோப்பைப் பயிற்சி ஆட்டங்கள் நான்கு இங்கே ஒதுக்கப்பட்டு, செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 3 வரை மூன்று மழையில் முடங்கின. ஜனவரியில் நடந்த 1988, 2023 ஆட்டங்களுக்கு ஒரு துளியும் தொந்தரவு இல்லை. சுழற்சி முறையில் ஊருக்கு ஒரு ஆட்டம் என்று சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்து அட்டவணை போடுபவர்களுக்குப் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. சொந்த மைதானமும் செல்வாக்கும் உள்ள சங்கம் தேதிக்குப் பேரம் பேசும். வாடகைக்காரச் சங்கம் கிடைத்த தேதியை வாங்கிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் மேற்குக் கடற்கரைக்கு வர வேண்டும். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி. எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர். ஊருக்கு ஊர் கால்பந்து. இந்தக் கிராமங்களிலிருந்து சந்தோஷ் கோப்பைக்கு, ஐ-லீக்குக்கு, ஐஎஸ்எல்லுக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்று ஆடியவர். இவர்கள் கற்றுக்கொண்ட தரை பெரும்பாலும் தேவாலயத்தை ஒட்டிய மைதானம் அல்லது கடற்கரை மணல். கேலரி கிடையாது. கோல் கம்பத்துக்கு வலையாக மீன் வலை கட்டியிருப்பதைப் பார்க்கலாம். கடல் அரித்து ஒரு பக்கம் போனால் மறுபக்கம் நகர்ந்துகொள்கிறார்கள். ஆனால் யாருடைய மைதானம் என்று எந்தச் சிறுவனைக் கேட்டாலும் பதில் வரும்: எங்க ஊருக்குள்ளது. டோர்னமெண்டுக்கு முன்னால் கோடு போடுவதும் மேடு பள்ளம் நிரப்புவதும் ஊர் இளைஞர் வேலை. இதை வைத்துச் சர்வதேச அரங்கத்தை நடத்திவிடலாம் என்று சொல்ல மாட்டேன், அது அசட்டுத்தனம். ஐம்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கத்துக்கு மின்சாரக் கட்டணமே கோடியில் வரும். ஆனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அந்தக் கடற்கரையில் ஒரே பதில் இருக்கிறது. காரியவட்டத்தில் நான்கு பதில்.

கேரளக் கிரிக்கெட் சங்கம் சொந்த அரங்கத்துக்கு முயலாமல் இல்லை. கொச்சி எடக்கொச்சியில் வாங்கிய நிலம் சதுப்புக்காட்டு விவகாரத்தில் சிக்கி நின்றது. வயநாட்டில் கிருஷ்ணகிரியில் மலை நடுவே ஒரு மைதானம் கட்டினார்கள். அழகான இடம், எளிதில் போய்ச்சேர முடியாத இடம். தும்பாவில் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்து ரஞ்சி ஆட்டங்களை நடத்துகிறார்கள். 2024–25இல் கேரளம் முதன்முறையாக ரஞ்சி இறுதிக்குப் போனது, அரையிறுதியில் குஜராத்தை முதல் இன்னிங்ஸில் இரண்டே ரன் முன்னிலையில் தாண்டி. அந்த அணியின் உள்ளூர்த் தளம் பெருமளவு குத்தகை மண்தான்.

2024 செப்டம்பரில் கேரளா கிரிக்கெட் லீக் தொடங்கியது. நம் டிஎன்பிஎல்லைப் பார்த்து உருவான மாநில லீக். கொல்லம், திருவனந்தபுரம், ஆலப்புழை, கொச்சி, திருச்சூர், கோழிக்கோடு என்று ஆறு அணி. டிஎன்பிஎல் 2016இல் தொடங்கியபோதே சேப்பாக்கத்தோடு திருநெல்வேலி சங்கர் நகர் சிமெண்ட் கம்பெனி மைதானத்துக்கும் திண்டுக்கல் என்.பி.ஆர். கல்லூரிக்கும் ஆட்டத்தைக் கொண்டுபோனது. நாகர்கோவிலிலிருந்து ஒரு லீக் ஆட்டம் பார்க்கச் சங்கர் நகருக்கு இரண்டு மணிநேரப் பயணம் போதும் என்ற நிலை வந்தது அதனால்தான். கேரளத்தில் கோழிக்கோட்டு அணியும் திருச்சூர் அணியும் தங்கள் ஊரில் ஒரு பந்துகூட வீசாமல், முதல் பருவத்தின் எல்லா ஆட்டத்தையும் காரியவட்டத்தின் ஒரே தரையில் ஆடி முடித்தன. செப்டம்பர் மழைக்கு நடுவே, மூன்று வாரத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். விளக்குக் கம்பமும் பெரிய கேலரியும் சேர்ந்து உள்ள வேறு மைதானம் சங்கத்தின் கையில் இல்லை. அந்தத் தரையைக் கட்டி நடத்தும் பதினைந்து வருட ஒப்பந்தம் முடிந்தபின் புல்லுக்குச் சம்பளம் தரப்போவது பல்கலைக்கழகமா, அரசா, சங்கமா என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. பாளையத்தில் அந்த ஒரு வரியை யாரும் எழுதவில்லை.